நாற்பத்தேழு

சிக்கலைத் தாண்டிவிட்டால் சிக்கல் இல்லை என்றார் முதலாளி.
அந்த ஊர்ப் பெயரை வைத்து அவருக்குத் தெரிந்த
ஒரே நகைச்சுவை அது.
ஒவ்வொரு பயணத்திலும் சொல்வார், டிரைவர் சிரிப்பார்.
பின்சீட்டில் நான்,
மடியில் ஜிபிஎஸ் கருவி,
காலடியில் அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொட்டலமும்.

பழைய குவாரி நாலரை ஏக்கர்.
இன்னும் ஒன்பது கேட்டு மனு.
தெற்கே கடற்கரைச் சாலை,
வடக்கே கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால்.
இரண்டுக்கும் ஐம்பது மீட்டர் விடச் சொல்கிறது விதி.

சாலையைக் கண்டுபிடிப்பது சுலபம்.
அதில் லாரி போகிறது.
ஓரமாய்த் தார்ப்பாயில் குண்டுமிளகாய் காய்கிறது,
லாரி போனபின் கொஞ்ச நேரம்
சிவப்பில்லாமல் காய்கிறது.

வரத்துக்காலைத்தான் தேடினோம்.
கருவேல முள்ளுக்குள் அரைமணி நேரம்,
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு.
பிறகு தெரிந்தது
ஜீப்பை நிறுத்தியிருந்ததே அதற்குள்தான்.
செருப்பால் கிளறினால் நத்தைக்கூடு,
வெள்ளை வெள்ளையாய்.
குளத்து நத்தை.
கடலிலிருந்து நடந்து வந்திருக்காது.

மிளகாய் கிண்டிக்கொண்டிருந்த பூமயில்
விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.
‘எந்தக் கரையில இருந்து அளக்குறீக?’

எனக்குப் படிப்பித்தவர்கள் யாரும்
கேட்காத கேள்வி.

‘பங்குனிக்கு ஒரு கரை இதுக்கு,
கார்த்திகைக்கு ஒரு கரை.
போன அடைமழையில
இங்ஙனதான் நின்னுச்சு தண்ணி’ என்று
தன் கால் நின்ற இடத்தைக் காட்டினாள்.

கால்வாயின் நடுவிலிருந்து ஐம்பத்தாறு.
மேட்டு விளிம்பிலிருந்து நாற்பத்தேழு.
அவள் கால் நின்ற இடத்திலிருந்து முப்பத்தொன்று.
மூன்றையும் எழுதினேன்.
முதல் எண்ணை முதலாளி தட்டிக்கொடுத்தார்,
நல்ல மாட்டைத் தட்டுவதுபோல.

அவரைத் திட்டிவிட்டு எழுந்துபோகலாம்தான்.
வந்த சாலைக்கு அடியில் கிடப்பது அந்தக் குழியின் ஜல்லி.
கண்மாய் மடைக்குப் போட்ட காங்கிரீட்டிலும் அதுதான்.
பட்டணம்காத்தானில் என் தங்கச்சிக்கு எழுப்பும் வீட்டின்
கடைக்காலுக்கு
இரண்டு லோடு சகாய விலையில் இறக்கினார்.
நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

இரவு, ராமநாதபுரம், அலுவலகத்தில் நான் மட்டும்.
கம்ப்யூட்டர் திரையில் சாலை சிவப்பு, கால்வாய் நீலம்,
குவாரி கட்டம் கட்டமாய்.
சுட்டியால் பிடித்து இழுத்தால்
நீலக்கோடு நகர்கிறது.
இந்தக் கால்வாயை வெட்ட எத்தனை பேர்
எத்தனை நாள் குனிந்தார்களோ,
எனக்கு ஒரு விரல் போதும்.

போன் வந்தது.
‘மூணு மீட்டர்தானே தம்பி, ரெண்டு பாய் நீளம்கூட இல்ல.
இல்லேன்னா ஒண்ணு செய்.
வரத்துக்கால்னு போடாத.
பழைய தடம்னு போடு.’
அவர் குரலில் மிரட்டல் இல்லை.
பின்னால் குழந்தை ஒன்று சோறு வேண்டாமென்று அழுதது.

கோப்புக்குக் கடைசி என்று பெயர் வைத்தேன்.
பிறகு கடைசி இரண்டு.
கடைசி மூன்றில் தடம் என்று எழுதி
பத்து நிமிடம் பார்த்தேன்.
தடம் என்றால் எதுவோ போய்விட்டது,
இனி வராது என்று பொருள்.
அதைச் சொல்ல நான் யார்,
மழையின் தாசில்தாரா?

கடைசி நான்கில்
நீலத்தை அதன் இடத்திலேயே விட்டு
நாற்பத்தேழு மீட்டர் என்று எழுதினேன்.
எழுதியபின் பயம் வந்தது.
பக்கத்தில், சின்ன எழுத்தில்,
தோராயமாக என்று சேர்த்தேன்.

காலை ஒன்பதரைக்குக் கொண்டுபோக வேண்டும்.
மணி இப்போது மூன்று.
அந்த ஒரு சொல்லை அழிக்கத்தான்
இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.